தறி வீட்டில் ஒரு ரேடியோ நிலையம்

பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெரு அபூர்வம். சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அங்கே நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் போயிருந்தோம். கூடத்தில் அவருடைய தமையனார் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார். நண்பரோ அடுத்த அறையில், மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடியுடன், ஒரு சாண்கூட இல்லாத பச்சைப் பலகை ஒன்றில் ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஸார், ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டோம்.

"ரிப்பேர் இல்லை ஸார். இது நன்றாகத்தான் பேசுகிறது. பேசக் கூடாத இடத்திலும் பேசுகிறது, அதுதான் தொந்தரவு" என்றார்.

தம்முடைய பெயரை அச்சில் போடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபடியால், நண்பர் என்றே குறிப்பிடுகிறோம். அவர் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். அதாவது, சர்க்காரின் பரீட்சையில் தேறி லைஸென்ஸ் பெற்று, ஊதியம் எதையும் கருதாமல், சொந்த யந்திரத்தின் மூலம் ஆகாய மார்க்கமாகப் பிறருடன் பேசுகிறவர். இந்திய அமெச்சூர்களின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துக்களில் தொடங்குகின்றன.

மேற்படி பச்சைப் பலகையின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர் 2003-ஆம் ஆண்டு வாக்கில் 'பிட்எக்ஸ்' என்ற எளிய யந்திரத்தை வகுத்தார். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டிக்குள் நடக்கும். அந்நிய தேசத்தில் கிடைக்கும் விசேஷக் காந்த வளையங்கள் நம் கடைத்தெருவில் கிடைப்பதில்லை என்பதால், தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷரின் மேல் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்துகொள்ளலாம் என்று காட்டினார்! சுதேசி யுக்தி என்றால் இதுவன்றோ? 2016-இல் 40 மீட்டர் பட்டைக்கான பலகையும், 2017-ஆம் ஆண்டின் இறுதியில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்யும் 'மைக்ரோ பிட்எக்ஸ்' என்பதும் வெளிவந்தன. சுருள்களைப் பெண்கள் கூட்டாக இருந்து கையாலேயே சுற்றிக் கொடுத்தார்கள். பட்டு நூலை இழைத்துப் பழகிய ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்?

ஆனால் மலிவான யந்திரத்தில் குறைகளும் இருந்தன. 2018-ஆம் ஆண்டில், பல தேசத்து அமெச்சூர்கள் அதை அளந்து பார்த்துக் குறைகளைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார்கள். அவற்றுள் முக்கியமானதை நண்பர் நமக்கு ஒரு காகிதத்தில் கூட்டல் கழித்தல் கணக்காகவே போட்டுக் காட்டினார்.

பேசுகிறவரின் குரல் ஒரு கட்டத்தில் 45 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு உயர்த்தப்படுகிறது. அதை 73 மெகாஹெர்ட்ஸ் அலையுடன் கலந்தால், வித்தியாசமாக 28 கிடைக்கும், வேண்டியதும் அதுதான். ஆனால் 45-ஐப் பெருக்கும் டிரான்ஸிஸ்டர், அதன் இரட்டிப்பான 90-ஐயும் கொஞ்சம் உண்டாக்கிவிடுகிறது. 90-இல் 73 போனால் 17. கடைசியில் உள்ள வடிகட்டி 30-க்கு மேற்பட்டதைத்தான் தடுக்கும். 17 என்ற திருட்டு விருந்தாளி தாராளமாக வெளியே போய்விடுகிறான்.

"போனால் போகட்டுமே! சிறிய யந்திரம்தானே?" என்றோம்.

நண்பர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். "17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கடலில் போகும் கப்பல்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் ஸார். அங்கே நான் போய் இரைச்சல் போடலாமா?"

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை வந்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தமானில் மற்றத் தொடர்புகள் குலைந்திருந்த வேளையில் அவரும் அவருடைய தோழர்களும் செய்திகளைக் கொண்டு சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தருணத்தில் ஒருவருடைய அலட்சியம் மற்றொருவருடைய அபயக் குரலை மூடிவிடக் கூடும். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாவது குறை வடிகட்டிகளைச் சேர்ந்தது. ஏழில் பேசினால் பதினான்கிலும் இருபத்தொன்றிலும் துணை அலைகள் எழும். அவற்றைத் தடுக்கவே வடிகட்டி. அதை மாற்றிக் கொடுக்கும் ரிலேக்களில் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் நெருக்கமாக அமைந்துவிட்டபடியால், அலை வடிகட்டிக்குள் நுழையாமலே திண்ணையிலிருந்து கொல்லைக்குத் தாவிவிடுகிறது. துணை அலை 43 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது இருபதினாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. சில பட்டைகளில் இந்தப் பலகை அந்த வரம்பை மீறியது.

ஃபர்ஹான் இவற்றை மறைக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டு, 2019-இல் வந்த ஐந்தாம் திருத்தத்தில் சரிசெய்தார். படம் முழுவதையும் ஆதியிலேயே எல்லோருக்கும் திறந்து வைத்திருந்ததால், பழைய பலகை வைத்திருந்தவர்களும் தாங்களே திருத்திக்கொண்டார்கள். சீல் வைத்த அந்நியப் பெட்டியில் இது நடக்கிற காரியமா என்பது நம் சந்தேகம்.

நண்பருடையது பழைய பலகை. 45-க்கு வழிவிட்டு 90-ஐத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியைப் பெருக்கிக்கு அப்பால் சேர்த்தார். பழைய ரிலேக்களை ஈயம் உருக்கிக் கழற்றி, கசிவு குறைந்த வேறு ரிலேக்களைப் பொருத்தினார். செப்புத் தடம் பெயர்ந்துவிட்டால் பலகையே வீண். ஆகையால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு மாலைகள் பிடித்தன.

தறியிலிருந்து எழுந்து வந்த தமையனார் எட்டிப் பார்த்தார். "கரைச் சாயம் உடலில் இறங்கினால் புடவையை எவன் வாங்குவான்? இவன் அதைத்தான் இத்தனை நாழியாகச் சொல்கிறான்" என்று நம்மிடம் விளக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நம்முடைய அரைப் பக்க விளக்கத்தைவிட அது தெளிவாகவே இருந்தது.

ஏரியலில் இணைக்காமல், 50 ஓம் தடை ஒன்றின்மீது சக்தியைச் செலுத்தி, சிறிய அளவுகருவியில் பார்த்தார் நண்பர். 17-இல் முன்பு குத்திட்டு நின்ற கோடு இரைச்சலோடு இரைச்சலாகப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகே மொட்டைமாடிக் கம்பியை இணைத்து 7 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தார். 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ஒளிந்து நடத்திய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டரில் பேசியது; கணக்குப் போட்டால் அதுவும் இந்தப் பட்டைக்குள்ளேதான் வருகிறது. அன்று அதற்குச் சிறைவாசம், இன்று லைஸென்ஸ்.

நண்பர் மூன்று முறை அழைத்தார. கோழிக்கோட்டிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். குரல் சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கிறதாம்.

நாம் விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, நண்பர் மறுபடியும் ஈயக் கம்பியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.