சீன ஞானியும் ஜவ்வாது மலையும்

ஜவ்வாது மலைக்கும் சீன தேசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரான சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஜமுனாமரத்தூரில் சீனக் கோயில் கிடையாது. மலைவாசிகள் யாரும் லாவோட்சேயின் பெயரைச் சொல்லிக் கும்பிடுவதும் இல்லை.

ஆனாலும், சீனாவில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்ட ஒரு வாழ்க்கை நெறி இன்றைக்குச் செல்லுமா, செல்லாதா என்று உரைத்துப் பார்க்க வேண்டுமானால், அதற்கு நம் நாட்டில் இந்த மலையைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது. இங்கே சாமை விளைகிறது. சந்தனம் விளைந்து அழிந்தது. இருட்டுக்காகவே கட்டப்பட்ட ஒரு வான்கூடம் இருக்கிறது. கோடாலி பிடிக்கத் தெரிந்த குற்றத்துக்காக உயிரைக் கொடுத்த மனிதர்களும் இங்கே இருந்தார்கள்.

அந்த நெறியின் பெயர் தாவோ.

யார் இந்த லாவோட்சே?

சீன அரசரின் ஏட்டுச் சாலையைக் காத்து வந்தவர் லாவோட்சே என்பது பழங்கதை. நாட்டு நடப்பு பிடிக்காமல் அவர் மேற்கே புறப்பட்டாராம். எல்லையில் இருந்த கணவாய்க் காவலர் அவரைத் தடுத்து, "ஐயா, போவதானால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிட்டுப் போங்கள்" என்று கேட்டாராம். சுமார் 5,000 எழுத்துகளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

கதை எப்படியோ போகட்டும். நூல் இருக்கிறது. 'தாவோ தே ஜிங்' என்று பெயர். 81 சிறு பகுதிகள். 1993-ல் சீனாவில் குவோதியன் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறையைத் திறந்தபோது, மூங்கில் பட்டைகளில் எழுதிய இதன் பகுதிகள் கிடைத்தன. அவை கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முந்தியவை.

தாவோ என்றால் 'வழி' என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் இந்த நூலைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும்படி யுவான் சுவாங்குக்குச் சீனச் சக்கரவர்த்தி ஆணையிட்டார். நம் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதி வைத்த அதே யாத்திரிகர்தான். 'தாவோ'வுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. 'போதி' என்று போடலாம் என்றார்கள் சிலர். யுவான் சுவாங் ஒப்பவில்லை. 'மார்க்கம்' என்பதே சரி என்று சாதித்தார். தமிழில் நாம் 'நெறி' என்று சொல்லிக்கொள்ளலாம். நெறி என்றாலும் வழிதானே?

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வது வழக்கம். ஆக, சீன யாத்திரிகரின் காஞ்சியும் மலைவாசிகளின் காஞ்சியும் ஒரே ஊர்தான்!

சும்மா இருப்பதா?

தாவோ நெறியின் உயிரான கொள்கை ஒன்று உண்டு. 'செய்யாமல் செய்வது' என்று அதைச் சொல்வார்கள். இதைக் கேட்டதும், "சோம்பேறிக்குச் சௌகரியமான மதம்" என்று சிரிக்கத் தோன்றும். அப்படி அல்ல.

தண்ணீரைப் பாருங்கள். அது யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. பள்ளம் கண்ட இடத்தில் இறங்குகிறது. பாறை குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் கடைசியில் தேய்வது பாறை, தண்ணீர் அல்ல. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு இப்படித்தான் இறங்கிச் சமவெளியில் வயல்களுக்குப் பாய்கிறது. யாரும் அதைச் சோம்பேறி என்று சொல்வதில்லை!

காரியத்தின் போக்கை அறிந்து, அந்தப் போக்கோடு சேர்ந்து உழைப்பதே 'செய்யாமல் செய்வது'. நமக்கு இது புதிதல்ல. மலையாற்றில் நீரின் வழியே செல்லும் தெப்பத்தை வாழ்க்கைக்கு உவமையாகச் சொன்ன கணியன் பூங்குன்றனார் நம்மவர்தான். உலகம் முழுவதையும் தம் ஊராகக் கண்ட அந்தப் புறநானூற்றுப் பாட்டிலேயே அந்த உவமை இருக்கிறது. பெரியவரைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியவரை இகழவும் வேண்டாம் என்று அவர் அந்தத் தெப்பத்திலிருந்துதான் முடிவு கட்டுகிறார்.

ஜப்பானில் மசானொபு ஃபுகுவோகா என்று ஓர் உழவர் இருந்தார். 1975-ல் அவர் எழுதிய நூல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. உழாமல், ரசாயன உரம் போடாமல் பயிர் செய்து காட்டியவர். அவர் வாலிபத்தில் தம் தகப்பனாரின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. ஏற்கெனவே மனிதன் கைவைத்த மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை வழி ஆகாது என்று அவர் பாடம் படித்தார். விட்டுவிடுவது வேறு, இடம் விடுவது வேறு.

சாமை சொல்லும் சேதி

ஜவ்வாது மலையின் பழைய தானியம் சாமை. மலைச் சரிவில் மழையை நம்பி விதைக்கிறார்கள். கிணறும் வாய்க்காலும் அதற்குத் தேவையில்லை. மெலிந்த மண்ணிலும் விளையும். மூன்று நான்கு மாதத்தில் வீடு வந்து சேரும். உமியோடு வைத்தால் நெடுங்காலம் கெடாது.

மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலையை மண்ணும் மழையுமே செய்துவிடுகின்றன. நெல்லை மலைமேல் ஏற்றுவதற்கு எவ்வளவு பாடு! சாமைக்கு அந்தப் பாடு இல்லை. லாவோட்சே இந்த மலைக்கு வந்திருந்தால் உதாரணத்துக்கு வேறெங்கும் போயிருக்கமாட்டார்.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. மறைத்துப் பயனில்லை.

தாவோ ஞானிகளில் இரண்டாமவர் சுவாங்ட்சே. அவர் நூலில் ஒரு தோட்டக்காரக் கிழவர் வருகிறார். குடத்தில் தண்ணீர் மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றுகிறார். ஏற்றம் போட்டால் சுலபமாயிற்றே என்று வழிப்போக்கர் ஒருவர் சொல்ல, கிழவருக்குக் கோபம் வருகிறது. யந்திரம் வந்தால் மனமும் யந்திரமாகிவிடும் என்கிறார்.

கேட்க அழகாக இருக்கிறது. சாமையை உலக்கையால் குற்றும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அந்தச் சிறு மணியிலிருந்து உமியை நீக்குவது இடுப்பை ஒடிக்கும் வேலை. வீட்டு அடுக்களையிலிருந்து சாமை விலகியதற்கு அந்த வேலையும் ஒரு காரணம். 2011 முதல் நியாய விலைக் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கும்போது, யார்தான் உலக்கையைத் தூக்குவார்கள்?

ஆகவே, சாமை அரைக்கும் யந்திரம் மலைக்கு வருவது தாவோவுக்கு விரோதம் அல்ல. பெண்ணின் தோளிலிருந்து சுமையை இறக்கி, மண்ணுக்கேற்ற பயிரை உயிரோடு வைக்கிற யந்திரம் நெறியோடு சேர்ந்ததுதான். ஞானியின் பேச்சையும் உலக்கைப் பிடியிலிருந்து பார்த்துத்தான் ஏற்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்துக் கொண்டாடியது. கொண்டாட்டத்தைவிட அரைவை யந்திரம் முக்கியம்.

பயனற்ற மரம்

சுவாங்ட்சே சொன்ன இன்னொரு கதை இந்த மலைக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

ஒரு தச்சர் தம் சீடனோடு போகிறார். வழியில் மாபெரும் மரம். நிழலில் ஆயிரக்கணக்கான மாடுகள் நிற்கலாம். தச்சர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஏன்?" என்கிறான் சீடன். "ஓடம் செய்தால் மூழ்கும், பெட்டி செய்தால் உளுத்துப்போகும். ஒன்றுக்கும் உதவாது" என்கிறார் தச்சர். இரவு அந்த மரம் அவர் கனவில் வந்தது. உதவாமல் இருந்ததால்தான் தான் இவ்வளவு வளர்ந்ததாகவும், உதவும் மரங்கள் எல்லாம் நடு வயதிலேயே வெட்டுப்பட்டதாகவும் சொல்லிற்று.

ஜவ்வாது மலையில் ஒரு காலத்தில் சந்தனம் செழித்திருந்தது. மலையடிவாரத் திருப்பத்தூரில் அரசாங்கச் சந்தனக் கிடங்கே இருந்தது. மணம் இருந்தது, விலை இருந்தது. ஆகவே கோடாலியும் வந்தது. பெருமரங்கள் திருட்டில் போயின. மணமில்லாத மரங்கள் நின்றன.

மரத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கும் ஒரு விலை வந்தது. ஆந்திரத்தில் சேஷாசலம் காடுகளில் செம்மரம் இருக்கிறது. கள்ளச் சந்தையில் அதற்குக் கொள்ளை விலை. தரகர்கள் கூலி ஆசை காட்டி மலையிலிருந்து ஆட்களை அழைத்துப் போனார்கள்.

2015 ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார்தான் அதிகம். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கல்லெறிந்து தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது படை. மனித உரிமை இயக்கத்தினர் அதை ஏற்கவில்லை. செம்மரத்தில் பணம் பண்ணிய பெரிய முதலாளி யாரும் அன்று அந்தக் காட்டில் சாகவில்லை.

மரத்துக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேர்ந்தது. பயன் உள்ளவன் என்பதாலேயே வெட்டுண்டான்.

ஏழைக்கு உபதேசமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "போதும் என்று இரு" என்பது தாவோ. அப்படியானால் மலைவாசி கஞ்சியோடு திருப்தியாகக் கிடக்க வேண்டியதுதானா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எதையும் கேட்கக் கூடாதா?

லாவோட்சே அப்படிச் சொல்லவில்லை. ஜனங்கள் பட்டினி கிடப்பதற்குக் காரணம் மேலே இருப்பவர்கள் வரியை விழுங்குவதுதான் என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். அரண்மனை பளபளப்பதையும் களஞ்சியம் காலியாக இருப்பதையும் சேர்த்துக் காட்டி, இது கொள்ளை என்று கண்டித்தவர். 'போதும்' என்ற சொல்லை அவர் முதலில் சொன்னது உள்ளவனைப் பார்த்துத்தான். இல்லாதவனைப் பார்த்து அல்ல. செம்மரத்தை வாங்கிக் குவிக்கும் தூரதேசத்துச் செல்வர் 'போதும்' என்று சொல்லியிருந்தால், ஜவ்வாது மலையில் தாலி அறுந்திருக்காது.

இருட்டின் உபயோகம்

வண்டிச் சக்கரத்தின் நடுவே துவாரம் இருப்பதால்தான் அச்சு நுழைகிறது. பானையின் வெற்றிடத்தில்தான் தண்ணீர் நிற்கிறது. உள்ளே காலி இடம் இருப்பதால்தான் வீட்டில் குடியிருக்க முடிகிறது. இல்லாததும் உபயோகமே என்பது லாவோட்சேயின் வாதம்.

இதற்குச் சான்று காவலூரில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள அந்தச் சிற்றூருக்கு 1960-களில் வானியல் அறிஞர் வைணு பாப்பு வந்தது எதற்காக? அங்கே இருந்த ஒன்றுக்காக அல்ல, இல்லாத ஒன்றுக்காக! பட்டணத்து வெளிச்சம் அங்கே இல்லை. 1972-ல் வியாழனின் சந்திரனான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதைச் சுற்றி மெல்லிய வாயு இருப்பதற்கான அடையாளம் காவலூரில் பதிவாயிற்று. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வான்கூடத்துக்கும் தொலைநோக்கிக்கும் இன்று பாப்புவின் பெயர்தான்.

விளக்கே முன்னேற்றம் என்று நினைக்கும் உலகத்தில், இருட்டைச் சொத்தாகக் காக்க வேண்டிய ஊர் காவலூர்.

வீட்டில் எப்படி?

தாவோவைப் பழக மலையேற வேண்டாம். தாடி வளர்க்கவும் வேண்டாம். சில காரியங்கள் போதும்.

வீட்டில் பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறான். நீங்களும் பிடிக்காதீர்கள். பாறையைச் சுற்றும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துப் பேசினால் அரை வார்த்தையில் முடியும்.

வேலை முடிந்ததா? விலகி நில்லுங்கள். "நான்தான் செய்தேன்" என்று பத்துப் பேரிடம் சொல்லத் தேவையில்லை. சாமைக் கதிரை மழை வந்து உரிமை கேட்பதில்லை.

நாளில் ஒரு நாழிகையைக் காலியாக வையுங்கள். ரேடியோ, டெலிவிஷன், கைப்பேசி எதுவும் வேண்டாம். பானைக்கு வெற்றிடம் போல நாளுக்கும் ஒரு வெற்றிடம் தேவை.

எதையாவது வாங்கும்போது, இது எந்த மண்ணுக்கு ஏற்றது, யார் கையால் வந்தது என்று ஒரு கணம் யோசியுங்கள். மாதத்துக்கு இரண்டு படி சாமை வாங்கும் குடும்பங்கள் பெருகினால், மலையிலிருந்து தரகரோடு போகும் கால்களில் சில நின்றுவிடக் கூடும்.

மலையடிவாரத்தில், சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில், 'குக்கூ காட்டுப்பள்ளி' என்று ஒன்று நடந்து வருகிறது. குழந்தைகளை மையமாக வைத்து, கைத்தொழிலும் எளிமையும் பழகும் இடம். அதற்குத் தாவோ என்று பெயர்ப்பலகை கிடையாது. பெயர்ப்பலகை இல்லாமல் இருப்பதுதான் தாவோவுக்குப் பொருத்தம்.

'போதும்' என்று சொல்லத் தமிழனுக்குச் சீனன் கற்றுத் தர வேண்டியதில்லை. நம் வீட்டுப் பந்தியில் விருந்தாளி இலைமேல் கையை மறித்துத் தினமும் சொல்கிற சொல்தான் அது. பந்தியில் சொல்லத் தெரிந்ததைக் கடைத்தெருவிலும் சொல்லப் பழகினால், சந்தனம் மலையில் நிற்கும். மனிதனும் வீட்டில் இருப்பான்.