கடாரத்துக் கழிமுகத்தில் இரண்டு நாள்

எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்துக்காகப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவன் நான். ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். பினாங்கு, லங்காவி, கேமரன் மலை எல்லாம் போய்வந்துவிட்டோம். பக்கத்தில் இருப்பதுதானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டோம்.

போன பள்ளி விடுமுறையில் சித்தப்பா தம் பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டார். சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தோம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. வெளிநாட்டில் குளியலறையோடு ஓடும் வண்டி வீடுகளைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வண்டியில் குளியலறை இல்லை. கொசுவலை இருந்தது. சித்தப்பா, அவர் மகன், நான் ஆகிய மூவரும் மெர்போக் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி இரண்டு நாள் சுற்றக் கிளம்பினோம்.

முதலில் நின்ற இடம் சுங்கை பத்து. சுற்றிலும் செம்பனை. நடுவில் கூரை போட்டு மூடிய குழிகளில் செங்கல் வரிசைகள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் 2009 முதல் இங்கே அகழாய்வு செய்து வருகிறார்கள். வெளிப்பட்டவை இரும்பு உருக்கிய பட்டறைகள், ஆற்றோரத் துறைமுகக் கட்டடங்கள், வட்டமான ஒரு செங்கல் மேடை. அந்த மேடை கி.பி. 2ஆம் நூற்றாண்டு அளவில் கட்டப்பட்டது என்கிறார்கள். இரும்பு உருக்கியது அதைவிடப் பல நூற்றாண்டு பழையது என்றும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

எனக்கு வியப்பாக இருந்தது உடைந்து கிடந்த மண்குழாய்கள்தான். துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்தியவை அவை. ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். “நம்ம ஊர்ப் பெயருக்கு என்னடா அர்த்தம்?” என்று சித்தப்பா கேட்டார். பாக்கார் என்றால் சுடுவது, ஆராங் என்றால் கரி. இந்த உலைகளுக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. இருந்தாலும் பிறந்தது முதல் சொல்லிவரும் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் காதில் வாங்கினேன்.

மதியம் ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள மெர்போக் அருங்காட்சியகம். வளாகத்துக்குள் புக்கிட் பத்து பஹாட் சண்டி, ஓடையருகே தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோயில் இடிபாடுகளை இங்கே சண்டி என்பார்கள். கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் தெரிகின்றன. மண்டபத் தரையில் வரிசையாகக் கற்கள், மரத்தூண்களைத் தாங்கியவை. தூண்கள் மக்கிப்போய்விட்டன. பெங்காலான் பூஜாங் போன்ற வேறு சில சண்டிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். பெங்காலான் என்றால் படகுத்துறை. சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்த அந்த இடத்தில் இன்று கப்பல் வர வழியில்லை. வண்டல் படிந்து படிந்து கடல் தள்ளிப்போய்விட்டது.

“எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினது” என்றான் சித்தப்பா மகன். நம்மில் பலர் இப்படித்தான் நம்புகிறோம். ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025இல். அதற்கு முன்பே இங்கே கோயில்கள் இருந்தன. அதே கடாரத்து மன்னர் குடும்பம், ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில், நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டியதையும் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை மானியமாகக் கொடுத்ததையும் லெய்டன் செப்பேடு சொல்கிறது. தந்தை நண்பர், மகன் படையெடுத்தவர். இந்த உறவை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பாதி போய்விடும். இந்தக் கரையில் இந்து, பௌத்தம் இரண்டும் இருந்தன. உள்ளூர் மக்கள், இந்திய வணிகர்கள், சீனப் பொருள்கள், பிறகு அரபு வணிகர்கள் எனப் பல கை பட்ட துறைமுகம் இது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற கடலோடி பொறித்த கல்வெட்டு பக்கத்துச் செபராங் பிறையில் கிடைத்தது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்து. அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் நான் பார்க்க விரும்பினேன். பதினொன்றாம் எண் சண்டி. அதைப் பார்க்க முடியாது. 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அதை இடித்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று சொல்லப்பட்ட கட்டடம். நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சண்டி அதன்கீழ் அரசிதழில் பதிவாகவில்லை, நிலமோ தனியாருடையது. செய்தி வெளியானபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதற்குள் செங்கல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அது இருந்த இடத்தைத் தேடி வழி கேட்டோம். இரண்டு பேர் இரண்டு திசையைக் காட்டினார்கள்.

இரவு தஞ்சோங் டாவாயில் வேனை நிறுத்தினோம். கழிமுகம் அங்கே ஏரிபோல் விரிந்து கிடக்கிறது. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்காவின் விளக்குகள். பின்னால் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெராய், கறுப்பாக. பழைய மாலுமிகள் கடலில் வெகு தூரத்திலிருந்தே இந்த மலையைப் பார்த்துத்தான் கரை பிடித்திருப்பார்கள். சித்தப்பா மெகி சமைத்தார். கொசுவலையில் ஓட்டை இருந்தது நள்ளிரவுக்கு மேல்தான் தெரிந்தது.

தூக்கம் வராமல், அந்த ஆளில்லாத சண்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். 2013இல் நான் ஆரம்பப்பள்ளி மாணவன். அரை மணி நேரத் தொலைவில் அது நின்றுகொண்டிருந்தது. என்னை யாரும் அழைத்துப் போகவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் மற்ற சண்டிகளைப் பார்க்க, எஸ்.பி.எம். முடிந்த பிறகும், நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேனே.

காலையில் படகேறி எதிர்க்கரைக்குப் போய்வந்தோம். சில நிமிடப் பயணம்தான். திரும்பும்போது அம்மா கேட்டபடி நெத்திலிக் கருவாடும் பிளாச்சானும் வாங்கினோம். பொட்டலத்தை மெத்தைமேல் வைத்தது தப்பு. வேனில் இன்னும் அந்த வாசம் போகவில்லை. அடுத்த விடுமுறைக்குள் போய்விடும் என்கிறார் சித்தப்பா. மழைக்காலத்துக்கு முன் சுங்கை பத்துவுக்கு மறுபடி போக வேண்டும், என் வகுப்புத் தோழர்கள் நான்கு பேரோடு. மெத்தையில் மூன்று பேருக்குத்தான் இடம்.