முதல் ஐந்து வைரங்கள்

மைன்கிராஃப்டில் மரக் குந்தாலியின் ஆயுள் 59 பிளாக். அறுபதாவதை உடைக்கக் கையை ஓங்கினால் கையில் குந்தாலி இருக்காது. கல்லில் செய்தது 131 பிளாக் வரை வரும், இரும்பு 250, வைரம் 1561. விளையாட்டின் முதல் சில மணி நேரம் இந்த நான்கு எண்களுக்குள்ளேயே ஓடிவிடும்.

படிக்கட்டும் கறாரானது. மரக் குந்தாலியால் கல்லை எடுக்கலாம், கல் குந்தாலியால் இரும்புத் தாதுவை எடுக்கலாம், இரும்பு இருந்தால்தான் வைரம். படியைத் தாண்டப் பார்த்தால் தண்டனை உண்டு. கல் குந்தாலியால் வைரத் தாதுவைத் தட்டினால், நெடுநேரம் தட்டியபின் அது உடையும், ஆனால் வைரம் விழாது. இந்த வரிசைக்குள் அடங்காதது தங்கம். எல்லாவற்றையும்விட வேகமாகத் தோண்டும், ஆனால் 32 பிளாக்கில் முடிந்துவிடும். மரத்தால் எடுக்க முடியாத எதையும் அதாலும் எடுக்க முடியாது.

ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் இந்த விளையாட்டை முதலில் பொதுவெளியில் விட்டது 2009 மே மாதம். முழுப் பதிப்பான 1.0 வெளியானது 2011 நவம்பரில். கருவிக்கு மந்திரமேற்றும் மேசை அந்தப் பதிப்பின் வழியாகத்தான் ஆட்டத்துக்குள் நுழைந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் இந்த விளையாட்டின் மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது, 2023-இல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டியது என்பதெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இதைவிட அதிகமாகவே காதில் விழுந்திருக்கும்.

கேள்வி இதுதான்: முதலில் கிடைக்கும் ஐந்து வைரங்களை என்ன செய்வது? மூன்றைக் கொண்டு ஒரு குந்தாலி செய்யலாம். மந்திர மேசைக்கு இரண்டு வைரமும் நான்கு அப்சிடியனும் ஒரு புத்தகமும் வேண்டும். அப்சிடியன் என்பது எரிமலைக் குழம்பில் தண்ணீர் பட்டு இறுகிய கரும்பாறை. அதைப் பெயர்த்தெடுக்க வைரக் குந்தாலியாவது வேண்டும், அதற்கும் ஒரு பிளாக்குக்கு ஒன்பது நொடிக்கு மேல் பிடிக்கும். ஆக, மூன்றும் இரண்டும் ஐந்து. கத்தி, கவசம் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்து பார்ப்பது புதிதாக ஆடுபவரின் இயல்பு. அது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவதற்குச் சமம். பழகியவர்கள் ஐந்தும் சேரும்வரை பெட்டியைத் திறக்க மாட்டார்கள். கிராமத்து ஆயுதக் கொல்லர் வீட்டுப் பெட்டியில் சில சமயம் அப்சிடியன் இருக்கும். நான்கு கிடைத்துவிட்டால் இரண்டே வைரத்தில் வேலை முடிந்தது.

மேசை மட்டும் போதுமா என்றால் போதாது. தனியாக நிற்கும் மேசை சொற்பப் பலனையே தரும். அதன் முழுத் திறனான லெவல் 30 கிடைக்க, சுற்றிலும் 15 புத்தக அலமாரி வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அலமாரிக்கு மூன்று புத்தகமும் ஆறு பலகையும் வேண்டும், ஒரு புத்தகத்துக்கு மூன்று காகிதமும் ஒரு தோலும் வேண்டும். மேசைக்கான புத்தகத்தையும் சேர்த்தால் மொத்தம் 46 தோல், 138 கரும்பு, 90 பலகை. ஒரு பசுவை அறுத்தால் சராசரியாக ஒரு தோல்தான் தேறும். அதுவரை சுரங்கத்தில் கிடந்தவர் இப்போது மேலே ஏறி வந்து கோதுமை விதைக்க வேண்டும், அதைப் போட்டுப் பசுவைப் பெருக்க வேண்டும், தண்ணீர் ஓரமாகக் கரும்பு நட வேண்டும். கரும்பு மூன்று கணு உயரம் வளர்ந்ததும் அடிக்கணுவை விட்டு மேலிரண்டை வெட்டினால் மறுபடி தழைக்கும். மேலும் தோண்ட வேண்டுமானால் முதலில் விவசாயம் செய் என்று சொல்லாமல் சொல்லும் இந்த ஏற்பாடு, இந்த விளையாட்டின் மிகச் சாமர்த்தியமான வடிவமைப்பு என்பது என் எண்ணம். வில்லனோ கதையோ இல்லாமலே அது ஆளை ஊர் கட்ட வைத்துவிடுகிறது.

அலமாரிகளுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு பிளாக் இடைவெளி வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே ஒரு தீப்பந்தம் நட்டிருந்தால்கூட அந்தப் பக்கத்து அலமாரி கணக்கில் சேராது. சரியாக அமைந்தால் அலமாரியிலிருந்து விசித்திர எழுத்துகள் மிதந்து மேசைக்குப் போகும். அந்த எழுத்து, கமாண்டர் கீன் என்ற பழைய கணினி விளையாட்டுக்காக டாம் ஹால் உருவாக்கிய எழுத்துமுறை. மேசையில் தெரியும் சொற்களைப் படித்து மந்திரத்தை முன்கூட்டி அறியலாம் என்று நம்பி மெனக்கெட்டவர்கள் பலர். அவை தற்செயலாகப் பொறுக்கிப் போடப்படுபவை, வரப்போகும் பலனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மேசை காட்டும் மூன்று வாய்ப்புகளில் அடியில் இருப்பதுதான் பெரியது. அதைத் தொட உங்களிடம் 30 லெவல் அனுபவம் இருந்தாக வேண்டும், ஆனால் கழிவது மூன்று லெவலும் மூன்று லாபிஸ் கல்லும்தான். பிடிக்காத பலன் வந்தால் மேசையைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தும் பயனில்லை, அதே பட்டியல்தான் திரும்ப வரும். ஒரு மர மண்வெட்டிக்கோ சாதாரணப் புத்தகத்துக்கோ மேல்வரிசை மந்திரத்தை ஒரு லெவல், ஒரு லாபிஸ் கொடுத்து ஏற்றிவிட்டால் பட்டியல் மாறும். பழைய ஆட்டக்காரர்களின் பெட்டியில் உதவாத மந்திரத்தோடு மண்வெட்டிகள் குவிந்து கிடப்பது இதனால்தான்.

இந்த விலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆரம்பத்தில் உச்சவரம்பு 50 லெவல், 2012-இல் அதை 30 ஆக்கினார்கள். அப்போதும் 30 லெவலும் ஒரேயடியாகக் கரைந்துபோகும். 2014-இல் வந்த 1.8 பதிப்புதான் மூன்று லெவல், லாபிஸ் என்ற இன்றைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வெறுங்கையிலிருந்து 30 லெவல் ஏற 1395 அனுபவப் புள்ளி வேண்டும். 27-இலிருந்து 30-க்கு 306 புள்ளி போதும். அதாவது முதல் தடவைதான் மலையேற்றம். அதன்பின் ஒவ்வொரு முறையும் முன்பு கொடுத்ததில் நாலில் ஒரு பங்கைவிடக் குறைவு. இரவில் எலும்புக்கூடுகளோடு மல்லுக்கு நிற்பதும், நிலக்கரியும் லாபிஸும் தோண்டிப் புள்ளி சேர்ப்பதும் அந்த முதல் ஏற்றத்துக்காகத்தான்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? மூன்று மந்திரங்களைப் பார்த்தால் போதும். எஃபிஷியன்சி வேகத்தைக் கூட்டும். அதன் படிநிலையை அதாலேயே பெருக்கி ஒன்று சேர்த்தால் வருவதுதான் கூடுதல் வேகம். மூன்றாம் படிக்கு ஒன்பதும் ஒன்றும் பத்து. சாதா வைரக் குந்தாலியின் வேகம் 8, இரும்பின் வேகம் 6. மூன்றாம் படி எஃபிஷியன்சி ஏறிய இரும்பு 16 ஆகிவிடும், வைரத்தைப் போல் இரு மடங்கு! போதாததற்கு இரும்பு மந்திரத்தை வைரத்தைவிட நன்றாக ஏற்கும். விளையாட்டின் உள்கணக்கில் அந்த ஏற்புத்திறன் இரும்புக்கு 14, வைரத்துக்கு 10. எதற்கும் ஆகாத தங்கத்துக்கு 22. ஆரம்ப கட்டத்தில் வைரத்தை அடுத்தடுத்த குந்தாலிகளாக்குவது ஏன் வீண் என்பது இங்கே புரியும்.

அன்பிரேக்கிங் மூன்றாம் படி, கருவியின் ஆயுளைச் சராசரியாக நான்கு மடங்காக்கும். ஃபார்ச்சூன் மூன்றாம் படி தாதுவின் விளைச்சலைப் பெருக்கும். நூற்றுக்கு நாற்பது தடவை வழக்கம்போல ஒன்றுதான் விழும். மிச்ச அறுபதில் இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வொன்றுக்கும் இருபது. சராசரி 2.2. பத்து வைரத் தாதுவில் 22 வைரம். அனுபவசாலி ஒருவர் குகைச் சுவரில் வைரத்தைப் பார்த்தும் தொடாமல், பக்கத்தில் தீப்பந்தம் நட்டுவிட்டு நடையைக் கட்டுவது இந்தக் கணக்கினால்தான். மேசையில் ஃபார்ச்சூனுக்குப் பதில் சில்க் டச் வந்தாலும் கவலையில்லை. அது தாதுவை உடைக்காமல் முழுப் பிளாக்காகவே எடுத்துத் தரும். பெட்டியில் அடுக்கிவைத்து, ஃபார்ச்சூன் வந்த நாளில் வீட்டு முற்றத்திலேயே உடைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே குந்தாலியில் சேராது.

இனி மாட் உலகம், அதாவது ஆர்வலர்கள் விளையாட்டில் செய்து சேர்க்கும் மாற்றங்களின் உலகம். மைன்கிராஃப்டின் மூலப் பதிப்பு ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஆர்வலர்கள் அதன் நிரலைப் பிரித்து உள்ளே கைவைக்கத் தொடங்கினார்கள், பிறகு ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்ற பொது அடித்தளங்கள் வந்தன. 2019-இல் மோஜாங்கே நிரலின் மறைக்கப்பட்ட பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. இன்று மாட்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் கிடைக்கின்றன. மாட் என்றாலே அதிக வலிமை, அதிக ஆயுதம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல மாட் அப்படிச் செய்வதில்லை. எது அரிது, எங்கே கை முடங்கும் என்பதைத்தான் அது இடம் மாற்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இரும்பு. 2021-க்கு முன்பு இரும்புத் தாதுவை உடைத்தால் தாது பிளாக்கே விழும், அதனால் ஃபார்ச்சூன் அதன்மேல் பலிக்காது. அந்த இடைவெளியில் புகுந்தது இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட் என்ற மாட். மின்சாரத்தில் ஓடும் அதன் அரவை இயந்திரத்தில் ஒரு தாதுவைப் போட்டால் இரண்டு பங்கு பொடி. மெக்கானிசம் என்ற மாட் அதை ஐந்து மடங்குவரை இழுத்துக்கொண்டு போனது. மூன்று மடங்குக்கு ஆக்சிஜன், நான்குக்கு ஹைட்ரஜன் குளோரைடு, ஐந்துக்குக் கந்தக அமிலம் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் புதிதாக ஒரு வேதித் தொழிற்சாலை. ஐந்து மடங்கு வரும்வரை இரும்பை அரைக்காமல் வைத்திருப்போரும் உண்டு. எனக்கு அது கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. முதல் நாள் தேவை இரண்டு மடங்கு, அது மிக மலிவு.

மந்திர மேசையையே ஓரங்கட்டிய மாட் டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட். இதில் குந்தாலி ஒரே பொருள் அல்ல. தலை, பிணைப்பு, கைப்பிடி என்று பாகம் பாகமாகச் செய்து பூட்ட வேண்டும், ஒவ்வொரு பாகத்தின் பொருளும் தன் குணத்தைக் கருவிக்குக் கொடுக்கும். மாட்டின் பல பதிப்புகளில் கல் பாகத்துக்கு ஒரு விநோதம் உண்டு: கருவி தேயத் தேய வேகம் கூடும், தாக்கும் வலிமை குறையும். புதிதாகச் செய்த குந்தாலியைவிடச் சாகப்போகும் குந்தாலிதான் விறுவிறுப்பாகத் தோண்டும், ஆட்டக்காரர் அதை வேண்டுமென்றே பழுதுபார்க்காமல் வைத்திருப்பார். மரப் பாகம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொள்ளும் பதிப்பும் உண்டு. பழைய பதிப்புகளில் காகிதத்தால் ஒரு பாகம் செய்தால் மேம்பாட்டுக்கு ஓரிடம் கூடும், ஆனால் ஆயுள் அடிவாங்கும்.

இங்கே கருவி தீர்ந்தாலும் மறையாது. உடைந்த நிலையில் கையிலேயே இருக்கும், தலை எந்தப் பொருளோ அதில் கொஞ்சம் கொடுத்தால் மீண்டும் எழும். மேசையின் சூதாட்டமும் இல்லை. ரெட்ஸ்டோன் தூளைச் சேர்த்தால் வேகம் கூடும், லாபிஸைச் சேர்த்தால் அதிர்ஷ்டம் கூடும். மூல விளையாட்டில் மூன்று லாபிஸ் கொடுத்துப் பலனுக்குக் காத்திருப்போம். இங்கே பழைய பதிப்புகளில் நூற்றுக்கணக்கில் ஊட்ட வேண்டும், ஆனால் கேட்டது கேட்டபடி கிடைக்கும். மணல், சரளை, களிமண் மூன்றையும் குழைத்துச் சுட்ட செங்கல்லில் உலை கட்டி உலோகத்தை உருக்கும் கட்டம் வந்ததும் உலோகத் தலைகளை வார்க்கலாம். வைரம் கண்ணில் படுமுன்பே நல்ல குந்தாலி கையில் இருக்கும். வைரத்தின் பவுசு குறைந்து, களிமண்ணுக்காக ஆற்றில் முங்க வேண்டிய நிலை வருவது இந்த மாட்டின் குறும்பு.

இதற்கு நேரெதிர்த் திசையில் போனது அப்போதியோசிஸ். மேசையை ஒதுக்காமல் 100 லெவல்வரை உயர்த்திவிடுகிறது. சாதா அலமாரி ஓர் எல்லைக்குமேல் உதவாது, கடலிலிருந்தும் நெதர் நரகத்திலிருந்தும் கொண்டுவந்த பொருள்களால் வேறு அலமாரிகள் செய்ய வேண்டும். ஸ்கைபிளாக் வகைத் தொகுப்புகளிலோ சுரங்கமே இல்லை. வானத்தில் ஒரு மரமும் கொஞ்சம் மண்ணும்தான். கல்லைச் சுத்தியால் நொறுக்கிச் சரளையாக்கி, சல்லடையில் சலித்துத் தாதுத் துணுக்குகளைப் பொறுக்க வேண்டும். கிரெக்டெக் மாட் இன்னும் கொடுமை. ஒரு மரத்தடியைக் கையால் பிளந்தால் நான்குக்குப் பதில் இரண்டு பலகைதான், நான்கு வேண்டுமென்றால் ரம்பம் செய்து வா என்கிறது. இதை ரசித்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பல தொகுப்புகளில் ஒரு தாதுவை அடித்தால் அதை ஒட்டிய தாது எல்லாம் சேர்ந்து உடையும் வசதியும் இருக்கும். நேரம் மிச்சம்தான், ஆனால் உடையும் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆயுள் கழியும். 59 ஆயுள் கொண்ட மரக் குந்தாலி ஒரே அடியில் காலியாகலாம். இத்தகைய தொகுப்பில் எஃபிஷியன்சிக்கு முன்பே அன்பிரேக்கிங்கைத் தேடுவது புத்திசாலித்தனம். சில தொகுப்புகள் முதல் பத்து நிமிடத்திலேயே பரிசுப் பெட்டி என்று மந்திரக் குந்தாலியைக் கையில் திணிக்கும். அதை வாங்கியபின் கரும்பு நட யாருக்கு மனம் வரும்?

புதிதாகத் தொடங்குபவர் ஒன்றை மறக்காமல் இருப்பது நல்லது. பட்டறைக்கல்லில் மந்திரப் புத்தகத்தைக் கருவியோடு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவியின் அடுத்த கட்டணம் ஏறும்: 1, 3, 7, 15, 31 என்று. மொத்தம் 40 லெவலைத் தொட்டால் பட்டறைக்கல் வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே நான்கு புத்தகத்தைக் குந்தாலியில் ஒவ்வொன்றாகச் சேர்க்காதீர்கள். முதலில் புத்தகங்களை இரண்டிரண்டாக இணைத்து, வந்த இரண்டையும் ஒன்றாக்கி, அந்த ஒரே புத்தகத்தைக் குந்தாலிக்குக் கொடுத்தால் குந்தாலியின் கட்டணம் நான்கு படிக்குப் பதில் மூன்று படி மட்டுமே ஏறும். சில மாட்கள் இந்த 40 வரம்பையே எடுத்துவிடுகின்றன. தொகுப்பை இறக்கியதும் உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள்.