சங்கிலி இல்லாத தடை

அஷ்டமுடிக் காயலில் மட்டி வாரி வயிறு வளர்ப்பவர்கள், ஆண்டுக்கு மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு ஒரு தொழிலையே காப்பாற்றினார்கள். இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவு. கொல்லத்துக்கு வடக்கே, நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கிடையே இரும்புச் சங்கிலி கட்டப்படுகிறது. விசைப்படகுகள் காயலுக்குள் முடங்குகின்றன. ஜூலை 31 நள்ளிரவில் சங்கிலி அவிழும்போது, வரிசையில் காத்து நின்ற படகுகள் உறுமிக்கொண்டு கடலுக்குப் பாய்கின்றன. கேரளத்தில் 1988லிருந்து நடந்துவரும் மழைக்கால இழுவலைத் தடை இது. பத்திரிகைகளில் ஆண்டுதோறும் படத்துடன் செய்தி வரும்.

அதே பாலத்துக்கு உள்பக்கம் இன்னொரு தடை உண்டு. அதற்குப் படமும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் காயலில் மட்டி வாரக் கூடாது. சங்கிலி கட்டி இதை நடத்தவும் முடியாது. மட்டி வாருவதற்குப் பெரிய படகு வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் காலால் துழாவினாலே அகப்படும். ஆக, வாருகிறவர்கள் மனது வைத்தால்தான் தடை. 1993இல் வைத்தார்கள். அதன் பலன் இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டது.

தமிழில் மட்டி என்பது மலையாளத்தில் கக்கா. ஓட்டைத்தான் நாம் கிளிஞ்சல் என்கிறோம். மணலைத் தோண்டிப் புதைந்துகொள்ள மட்டிக்கு நாக்கு போன்ற ஒரு சதைக்கால் உண்டு. அஷ்டமுடி மட்டியின் கால் மஞ்சள் நிறம், அதனால் மஞ்சள்கால் மட்டி. காயல் கடலோடு கலக்கும் நீண்டகரை முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டுகளில்தான் இது அடர்ந்து கிடக்கும். ஆண்கள் சிறு வள்ளங்களில் போகிறார்கள். நீண்ட கழியின் முனையில் இரும்புச் சட்டம், அதில் தொங்கும் வலைப்பை. அதை அடிமணலில் வைத்து இழுத்து வாருகிறார்கள். கரைக்கு வந்ததும் பெண்கள் கை. பெரிய பாத்திரங்களில் அவித்து, ஓட்டையும் சதையையும் பிரித்து, சலித்துக் கழுவுகிறார்கள். சதை தொழிற்சாலைக்கு, ஓடு சுண்ணாம்புச் சூளைக்கு. வாருவது, அவிப்பது, விற்பது என்று சுமார் 3,000 பேர் இந்தத் தொழிலை நம்பி இருந்தார்கள்.

வியாபாரமாக இது சூடுபிடித்தது 1981க்குப் பிறகுதான். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா பக்கமிருந்து கிராக்கி வந்தது. வீட்டுக் குழம்புக்கு வாரிய மட்டி, குளிர்பதனப் பெட்டியில் கப்பலேறத் தொடங்கியது. 1991இல் ஆண்டுக்கு 10,000 டன் வரை அள்ளினார்கள். 1993இல் அது பாதியாக விழுந்தது. காரணத்தை வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய மட்டி குறையக் குறைய, ஒரு முறைகூட முட்டையிடாத பிஞ்சுகளையும் சேர்த்து வாரினார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்ற கதை.

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது ஆய்வு செய்து நான்கு விதிகளைச் சிபாரிசு செய்தது. முட்டையிடும் பருவமான டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாரக் கூடாது. வலைப்பையின் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இயந்திரம் வைத்து வாரவே கூடாது. நான்காவது விதி ஏற்றுமதிக்கானது: ஒரு கிலோ மட்டிச் சதையில் 1,400க்கு மேல் எண்ணிக்கை போகக் கூடாது.

இந்த நான்காவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கணக்குப் போட்டால், ஒரு மட்டிச் சதை முக்கால் கிராமுக்குக் கொஞ்சம்தான் குறையலாம். அதைவிடப் பொடிசாக இருந்தால் கிலோவுக்கு 1,400ஐத் தாண்டிவிடும், சரக்கு விலை போகாது. விலை போகாத பிஞ்சை வாரி என்ன லாபம்? காயல் முழுக்கக் காவல் போட முடியாது. தொழிற்சாலை வாசலில் ஒரு தராசு வைக்க முடியும்.

வலைக்கண் விதி மீதியைப் பார்த்துக்கொண்டது. பிஞ்சுகள் வலையிலிருந்து நழுவி, இருந்த மணலிலேயே விழுந்தன. மீனுக்கும் மட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. மத்தியை விட்டுக் கொடுத்தால் அது நீந்திப் போய் வேறு ஊர் வலையில் சிக்கும். மட்டி எங்கும் போகாது. இன்று விட்டது நாளை அதே இடத்தில், கொஞ்சம் பருத்துக் கிடக்கும். விட்டுக் கொடுத்தவனுக்கே திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் ஊர் கட்டுப்படும்.

ஆனால் மூன்று மாதம் சும்மா இருப்பது சின்ன விஷயமல்ல. மழை ஓய்ந்து, காயல் தெளிந்து, வேலைக்கு வாகான காலமே அதுதான். கிறிஸ்துமஸ் செலவு வருவதும் அந்த மாதங்களில்தான். இருந்தும் அந்தப் பருவத்தை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். காரணம் தண்ணீரில் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிறவர்கள் புனலூரில் பார்க்கும் கல்லடையாறுதான் அஷ்டமுடிக்கு நன்னீர் கொண்டுவருகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகினால் காயலின் உப்பு கரைந்துபோகும். உப்பில்லாத நீர் நெடுநாள் நின்றால் மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். அதைத் தாண்டிப் பிழைத்தவைதான் மழைக்குப் பின் முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகள் அடுத்த மழைக்கு முன் ஓரளவு வளர்ந்தாக வேண்டும். தாய் மட்டியை டிசம்பரில் வாரிவிட்டால், அடுத்த ஆண்டுக்கு மணல் மட்டுமே மிஞ்சும்.

தடை பலித்தது. பாதியாக விழுந்த விளைச்சல் மீண்டும் ஏறி, ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் என்ற அளவில் நெடுங்காலம் நின்றது. இதற்கிடையே வியட்நாமிலிருந்து ஒரு சேதி. மேகாங் கழிமுகத்தில் உள்ள பென் த்ரே மாகாணத்து மட்டித் தொழில் 2009இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழைப் பெற்றிருந்தது. வளத்தை அழிக்காமல் பிடிக்கிறார்கள் என்று வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கு உறுதி சொல்லும் முத்திரை அது. அஷ்டமுடிக்காரர்கள் ஏற்கெனவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்ததும் அதைத்தானே? ஆராய்ச்சி நிலையமும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இந்தியாவும் துணை நின்றன. மீன்வளத் துறை, விஞ்ஞானிகள், மட்டி வாருகிறவர்கள், ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ஒன்றாக உட்காரும் நிர்வாகக் குழு அமைந்தது. 2014 நவம்பரில் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அந்த முத்திரையைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில், கழியும் வலைப்பையும் கொண்டு நடக்கும் இந்த ஏழைத் தொழில்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்குள் காயலில் ஒரு புது விருந்தாளி தென்பட்டது. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சொந்த ஊராகக் கொண்ட சாரு என்ற சிப்பி. கப்பல்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் ஊகம். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் அது சாகாது. நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, கம்பளம் விரித்தாற்போல் அடியை மூடிவிடும். கொல்லத்துக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'வரத்தன் கக்கா', அதாவது வெளியூரிலிருந்து வந்தேறியது. சென்னைக்கு அருகே எண்ணூர், பழவேற்காடு மீனவர்களுக்கும் இது புதிதல்ல. அங்கே இதன் பெயர் காக்கா ஆழி. இறால் வாழ்ந்த சேற்றை அது மூடிவிட்டது என்ற அவர்கள் புகார் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

இன்னொரு பக்கம் அழுக்கு. அஷ்டமுடி 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம். பட்டியல் சாக்கடையைத் தடுக்கவில்லை. வேம்பநாடு, அஷ்டமுடி இரண்டிலும் மாசைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக 2023 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் விதித்தது. மட்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது மட்டியிலும் இருக்கும்.

விளைவு, எண்ணிக்கையில் தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 10,000 டன் கொடுத்த காயல், 2024 வாக்கில் ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. இயற்கைச் சூழல் சிதைந்தது, மாசு, வரத்தன் கக்கா ஆகியவற்றையே ஆராய்ச்சி நிலையம் காரணமாகச் சொல்கிறது. விழிஞ்ஞம் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளை அது 2024 டிசம்பரில் காயலில் விட்டது. 1993இல் பிஞ்சை விட்டுவைத்தாலே போதும் என்றிருந்தது. இப்போது பிஞ்சையே கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கிறது.

1993இல் ஆபத்து காயலில் வாருகிறவர்களின் கையில் இருந்தது. அந்தக் கையை அவர்களே கட்டினார்கள், பலனைக் கண்டார்கள். உள்ளூர்க் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி தேடிப் போக வேண்டாம். ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டின் எல்லை மணல் திட்டின் விளிம்போடு முடிகிறது. நகரத்துச் சாக்கடையை மட்டி வாருகிறவர் நிறுத்த முடியாது. கப்பல் எங்கிருந்தோ கொண்டுவரும் சிப்பியை 30 மில்லிமீட்டர் வலைக்கண் தடுக்காது.

குழுவில் இனி உட்கார வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: உள்ளாட்சி அதிகாரிகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், துறைமுகக்காரர்கள். விட்ட குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் வரை அவற்றைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று சொன்னால் தளவாபுரத்து வள்ளக்காரர்களுக்குப் புரியும். அவர்களுக்கு அது பழகிய பாடம். அதே பொறுமையைக் காயலுக்குள் கழிவை விடுகிறவர்களிடம் இதுவரை யாரும் கேட்டுப் பெறவில்லை. அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள்கூடத் தடைக்காலம் கிடையாது.