இணைப்பு அறுந்தால் பதற்றம் வேண்டாம்: லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை கோளாறு

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு இன்றே கடைசி நாள். நெஃப்ட் முறையில் பணம் அனுப்ப உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துகிறோம்; அந்த நொடியில் மடிக்கணினியின் வைஃபை அறுந்துவிடுகிறது. பணம் சென்றதா, இல்லையா என்பது தெரியவில்லை. இத்தகைய வேளையில் செய்யத்தக்கவற்றை, லினக்ஸ் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்காக இங்கே தொகுத்து வழங்குகிறோம்.

முதலில் பணம்

உடனே மறுமுறை அனுப்பாதீர்கள். இணைப்பு அறுவதற்கு முன்பே உங்கள் உத்தரவு வங்கியை அடைந்திருக்கலாம். கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்துள்ளதா எனப் பாருங்கள். கணக்கின் இருப்பையும் சரிபாருங்கள். நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும், விடுமுறை நாட்களிலும் இயங்கி வருகிறது. எனவே சிறிது பொறுத்திருந்து உறுதிசெய்துகொள்ள நேரம் உண்டு.

பழுது எங்கே?

மடிக்கணினி, வைஃபை கருவி, இணையச் சேவை நிறுவனம் என மூன்று இடங்களுள் ஒன்றில்தான் பெரும்பாலும் பழுது இருக்கும். அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையம் இல்லையெனில் மடிக்கணினியைக் குறைசொல்வதில் பயனில்லை. வைஃபை கருவியை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். கைப்பேசியில் இணையம் வந்தால், பின்வருவனவற்றை வரிசையாகச் சோதியுங்கள்.

1. விமானப் பயன்முறை இயங்குகிறதா எனப் பாருங்கள். டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்னும் கட்டளை இதனைக் காட்டும். ‘சாஃப்ட்’ தடையை அமைப்புகளிலேயே நீக்கலாம். ‘ஹார்ட்’ தடை எனில் மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையோ விசைப்பலகையின் வைஃபை விசையையோ நாட வேண்டும்.

2. வைஃபை என்னும் பகுதியே அமைப்புகளில் தென்படவில்லையெனில், அதற்குரிய டிரைவர் மென்பொருள் இல்லாதிருக்கலாம். பிராட்காம் நிறுவனத்தின் சில சில்லுகளுக்கு இதனைத் தனியே நிறுவ வேண்டும். உபுண்டுவில் ‘கூடுதல் டிரைவர்கள்’ என்னும் பகுதி இதற்கு உதவும். நிறுவுவதற்கே இணையம் தேவை அல்லவா? கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகே பழுது தோன்றியிருந்தால், கணினி தொடங்கும்போது பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

3. வைஃபையின் பெயர் தெரிந்தும் இணையவில்லையெனில், சேமித்த இணைப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக உள்ளிடுங்கள். தொலைவான அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் நன்கு எட்டும்.

4. இணைந்த பின்னும் பக்கங்கள் திறக்கவில்லையெனில், ‘பிங் 8.8.8.8’ என்னும் கட்டளையை இடுங்கள். அதற்கு விடை வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் விடை வராவிட்டால், பெயரை எண்முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான் பழுது.

5. பிற தளங்களிலும் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றினால் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை தவறாயின், செல்லுபடியாகும் சான்றிதழையும் உலாவி ஏற்காது. தேதியைத் திருத்துங்கள், எச்சரிக்கையைப் புறக்கணித்து வங்கித் தளத்தினுள் ஒருபோதும் நுழையாதீர்கள்.

அவசரத்தில் தவறு வேண்டாம்

கோளாறு தீரும்வரை கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் வங்கிப் பணிகளைச் செய்யாதீர்கள். உங்கள் கைப்பேசியின் இணையமே பாதுகாப்பானது. சரிசெய்து தருவதாக அழைப்பவர் எவருக்கும் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க இசைவு அளிக்காதீர்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கூறாதீர்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

அறுந்த இணைப்பை நாளையும் சீர்செய்யலாம். கைவிட்டுப் போன பணத்தை மீட்பது அத்தனை எளிதன்று.