அயல் வளவு நாயும் எங்கள் ஆடும்

கிராமத்தில் வாழ்பவர்களுக்கு அயலவர் என்பவர் வேலிக்கு அப்பால் இருக்கும் இன்னொரு குடும்பம் மாத்திரமல்லர். அவசரத்துக்கு ஒரு சுண்டு அரிசி தருபவரும், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருபவரும், செத்தவீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவரே. ஆயினும் எத்தனையோ ஆண்டுகள் ஒற்றுமையாக இருந்த இரு வீடுகள், ஒரு கோழி பயிரைக் கிளறியதற்காகவோ ஒரு மாடு வேலி பாய்ந்ததற்காகவோ பேச்சை முறித்துக்கொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் அத்தகையதொரு சோதனை வந்தது. அதில் நாம் விட்ட பிழைகளையும் கற்றுக்கொண்டவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என எண்ணுகின்றோம்.

நடந்தது என்ன?

வலிகாமத்துக் கிராமமொன்றில் நான்கு பரப்பு வளவில் வசிக்கின்றோம். எம்மிடம் ஒரு மறியாடும் அதன் இரண்டு குட்டிகளும் இருந்தன. ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு ஆடுதான் வங்கிப் புத்தகம். பாடசாலைச் செலவு, திடீர் வைத்தியச் செலவு எல்லாம் அதிலிருந்தே வரும். ஆனால் குட்டிகளில் ஒன்று அப்படியல்ல. தாய்ப்பால் போதாமையால் அதைப் போத்தற்பால் கொடுத்து வளர்த்தவள் எங்கள் இளைய மகள். அவள் பாடசாலை விட்டு வரும் நேரம் அது படலையடியில் கத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, தாயாட்டைக் கிழக்கு வேலியோரத்துப் பூவரசில் கட்டிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனோம். குட்டிகள் தாயின் அருகே நின்றன. அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. மாரிக்கு முன்னர் அடைப்போம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பொட்டு அது. மகளின் அலறல் கேட்டு ஓடி வந்தபோது, பக்கத்து வளவு ஆச்சியின் நாய் போத்தற்பால் குட்டியின் கழுத்தை விடாமல் பிடித்திருந்தது. தாயாட்டின் பின்தொடையிலும் கடி. கட்டியிருந்தபடியால் அதனால் ஓடவும் முடியவில்லை. எம்மில் ஒருவர் வெறுங்கையால் நாயை இழுக்கப்போய்ப் புறங்கையில் பல் கீறியது. குட்டி அரைமணி நேரத்தில் இறந்துபோனது.

சத்தம் கேட்டு ஆச்சி வந்தார். நாம் ஒரு முதியவரிடம் சொல்லத்தகாத சொற்களைச் சொன்னோம். அவரும் விடவில்லை. “உங்கடை ஆடு என்ரை மரவள்ளியைத் தின்னேக்கை நான் ஏதும் சொன்னனானோ?” என்று கேட்டார். கால்மணி நேரத்தில் இருபது வருடத்துப் பழைய கதைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அன்று பின்னேரம் வந்த உறவினர் ஒருவர், “ஏன் கத்துறியள்? ஒரு துண்டு இறைச்சிக்குள்ளை மருந்தை வைச்சால் விஷயம் முடிஞ்சுது” என்றார். அந்த யோசனை அவ்வேளை எமக்குப் பிழையாகப் படவில்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

கையில் கீறல் பட்டவரை மாலையில் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். அங்கே கேட்ட முதற் கேள்வியே எமது எண்ணத்தை மாற்றியது. “நாய் யாருடையது? உயிரோடு இருக்கிறதா? பத்து நாட்களுக்கு அதை அடைத்து வைத்துக் கவனிக்க முடியுமா?”

நாய் ஏன் உயிருடன் இருக்கவேண்டும்?

நீர்வெறுப்பு நோய், அதாவது விசர்நோய், வெளிப்பட்டபின் அதற்குப் பயன்தரும் சிகிச்சை கிடையாது. மரணம் ஏறத்தாழ நிச்சயம். ஆனால் கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் அதை முற்றாகத் தடுக்கலாம். எமது நாட்டில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததாலும் அண்மைய ஆண்டுகளில் இத்தொகை 40 க்கும் கீழே வந்துள்ளது. ஆயினும் இன்னும் அது பூச்சியம் ஆகவில்லை.

கடித்த நாய் பத்து நாட்களின் பின்னரும் சுகமாக இருக்குமானால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் இந்நோய்க் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். நாயைக் கொன்றுவிட்டால், அல்லது அது எங்கோ ஓடிப்போனால், இதை அறியும் வழி எமக்கு இல்லாமற் போகும். நாயை நஞ்சூட்டத் துணிபவர் தமக்கே தீங்கு தேடிக்கொள்கிறார். அத்தோடு, வைத்த நஞ்சு அந்த நாயோடு நிற்பதில்லை. காகம், கோழி, பூனை, சில வேளைகளில் விளையாடும் பிள்ளைகள் வரை அது போகும். பிறர் வளர்க்கும் பிராணியைக் கொல்வது சட்டப்படி குற்றமுமாகும்.

பத்து நாள் கவனிப்பு என்பதற்காக வைத்தியசாலைக்குப் போவதைப் பத்து நாட்கள் பின்போடலாம் என்று எவரும் விளங்கிக்கொள்ளக்கூடாது. கீறல் சிறிதாயினும் உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் போன்றவற்றைப் பூசக்கூடாது. பின்னர் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஊசி தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நாம் கழுவியது உண்மை. ஆனால் சண்டை பிடித்து முடிந்த பின்னரே கழுவினோம். அதுவே எமது முதற் பிழை.

ஆட்டுக்குச் செய்யவேண்டியவை

நாய் ஆட்டைப் பிடித்திருக்கும்போது கையை இடையில் கொடுக்கவேண்டாம். வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் வீசுங்கள். சாக்கையோ தடியையோ பயன்படுத்துங்கள். பின்னர் ஆட்டை நிழலில் தனியாக விட்டுப் பயம் தெளிய இடங்கொடுங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றபின் காயத்தைச் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவுங்கள். நாயின் உமிழ்நீர் உங்கள் கையிற் படாதவாறு கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துவிட்டால் மறைந்திருக்கும் பற்குறிகளும் தெரியும். நாய்க்கடி வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே தசை கிழிந்திருக்கும். ஆகவே அன்றே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். எமது நிலத்தில் ஈ மொய்த்தால் இரண்டு மூன்று நாட்களில் காயம் புழுப்பிடித்துவிடும். தினமும் காலை மாலை பார்ப்பது அவசியம்.

கடித்த நாயில் சந்தேகம் இருந்தால் அதை மிருக வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். ஆட்டுக்கும் விசர்நோய் வரும். அவர் சொல்லும் வரை அந்த ஆட்டின் பாலைக் குடிக்கவேண்டாம். இறந்த குட்டியைக் “கறியாக்குவம்” என்று சொன்னவர்களும் இருந்தனர். நாம் அதை ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். மகள் அதன்மேல் ஒரு செவ்வரத்தங் கம்பை நட்டாள்.

படலையைத் தட்டிப் போனோம்

மறுநாள் மாலை ஆச்சி வீட்டுக்குப் போனோம். கூட்டமாகப் போகவில்லை. பாதையில் நின்று பேசவுமில்லை. உள்ளே போய் இருந்து, முதலில் எமது வாய்ச்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். பின்னர் கையிலுள்ள கீறலைக் காட்டி, வைத்தியசாலையில் சொன்னதைச் சொன்னோம். “ஆச்சி, நாயைப் பத்து நாளைக்குக் கட்டி வையுங்கோ” என்று கேட்டோம்.

ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“தம்பி, நாயைக் கட்டு எண்டு மட்டும் என்னட்டைச் சொல்லாதையுங்கோ. தொண்ணூற்றைஞ்சிலை எல்லாரும் ஓடேக்கை, ரெண்டு நாளிலை வந்திடுவம் எண்டு நினைச்சு நாயைக் கட்டினபடி விட்டிட்டுப் போனனான். திரும்பி வந்து பாக்கேக்கை சங்கிலி மட்டுந்தான் கிடந்தது.”

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியதும், 1996 ஏப்ரலின் பின்னரே ஊர் திரும்பத் தொடங்கியதும் இங்குள்ள எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளாக ஆச்சியின் நாய்கள் அவிழ்ந்து திரிந்ததைக் கவனயீனம் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை.

காரணம் தெரிந்ததால் எமது குட்டி திரும்பி வரப்போவதில்லை. நாயை அவிழ்த்து விடுவதும் சரியாகிவிடாது. ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது அதன் பின்னரே எமக்கு விளங்கியது. சங்கிலி வேண்டாம் என்று இரு பகுதியும் ஒத்துக்கொண்டோம். பழைய கம்பிவலையும் நான்கு கதியாலும் கொண்டு, தென்னைக்குக் கீழே நாய் எழுந்து நடமாடக்கூடிய ஒரு கூடு அடித்துக் கொடுத்தோம். “பூட்டு வேண்டாம், கொளுக்கி போதும். ஆர் வந்தாலும் திறக்கக்கூடியதாய் இருக்கவேணும்” என்றார் ஆச்சி. அப்படியே செய்தோம்.

அதோடு வேறு மூன்று விடயங்களையும் பேசி ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டோம். முதலாவது, வேலியை இரு வீட்டாரும் சேர்ந்து அடைப்பது. இரண்டாவது, பகலில் ஆடுகள் வெளியே நிற்கும் நேரத்தில் நாய் கூட்டிலும், ஆடுகள் கொட்டிலுக்குள் போனபின் படலை சாத்திய வளவுக்குள்ளும் இருப்பது. மூன்றாவது, மருந்துச் செலவில் பாதியை ஆச்சி இரண்டு தவணையில் தருவது. குட்டிக்கு நாம் பணம் கேட்கவில்லை. பொட்டை அடைக்காத பங்கு எமக்கும் உண்டு.

நாய்க்கு இரண்டு வருடமாகத் தடுப்பூசி ஏற்றவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. பத்து நாட்களும் அது சுகமாகவே இருந்தது. பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்து, தடுப்பூசி ஏற்றும் நாளில் நாமே கூட்டிச் சென்று ஏற்றுவித்தோம். நாய்களுக்குக் குட்டிப் பருவத்திலேயே தடுப்பூசி ஏற்றத் தொடங்கி ஆண்டுதோறும் ஏற்றவேண்டும். அரசாங்கம் நடத்தும் தடுப்பூசி நாட்களில் இதற்குக் கட்டணமில்லை.

பேச்சு பலிக்காவிட்டால்

எல்லா அயலவரும் ஆச்சியைப் போல் இருக்கமாட்டார்கள். “என்ரை நாய் கடிக்காது” என்று படலையைச் சாத்துபவரும் உண்டு. அப்போதும் சண்டை பிடிப்பதாற் பயனில்லை. நடந்த நாள், நேரம், கண்டவர்கள், மருந்துச் செலவு ஆகியவற்றை எழுதி வைத்து, காயத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரையோ கிராம அலுவலரையோ இடையில் வைத்துப் பேசுங்கள். நாய் ஆட்களைக் கடிக்கிறது அல்லது விசர்நோய் அறிகுறி காட்டுகிறது என்றால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். நாயைப் பதிவுசெய்ய வேண்டுமென்பது 1901 ஆம் ஆண்டிலிருந்தே எமது நாட்டில் சட்டமாக இருக்கிறது. அதுபற்றிப் பிரதேச சபையில் விசாரிக்கலாம்.

அதற்கும் இணங்காவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இச்சபைகளில், பயிற்சி பெற்ற ஊர்ப் பெரியவர்கள் இரு பகுதியாரையும் இருத்திப் பேசவைப்பார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதுமில்லை. இணக்கம் வந்தால் அதை எழுதிக் கையொப்பம் வைக்கலாம். வராவிட்டால் அதற்கான அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். சிறிய தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முதலில் அது தேவைப்படும்.

இப்போது

தாயாட்டின் காயம் ஒரு மாதத்தில் ஆறியது. கால் சற்று இழுக்கும். ஆனால் மேய்ச்சலுக்குக் குறைவில்லை. மகள் இன்னும் ஆச்சியின் நாய்க்குக் கிட்டப் போவதில்லை. அவளை நாம் வற்புறுத்துவதுமில்லை. ஆச்சி வீட்டுப் புட்டு மாத்திரம் முன்போல வேலிக்கு மேலால் வந்து சேர்கிறது.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டு நாய் பிறருடைய ஆட்டைக் கடிக்கலாம். பிறருடைய நாய் உங்கள் ஆட்டையும் கடிக்கலாம். எந்தப் பக்கத்தில் நின்றாலும் காயத்தைக் கழுவுங்கள், நாயை உயிருடன் அடைத்து வையுங்கள், கோபம் தணிந்தபின் படலையைத் தட்டிப் போய்ப் பேசுங்கள். இவை யாவும் கடித்த பின்னர் செய்யவேண்டியவை. கடிப்பதற்கு முன்னர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இன்று மாலை உங்கள் வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பொட்டு இருந்தால் அயலவரையும் கூப்பிட்டு அடையுங்கள்.