அட்வான்ஸ் கட்டும் முன்பு அட்டையைக் காட்டுங்கள்

நெஞ்சுவலி என்று தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். உடனே ஆஞ்சியோ செய்யணும், பணம் கட்டுங்க என்கிறது பில்லிங் கவுன்ட்டர். கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது. ஸ்டென்ட் வைத்து ஆள் வீடு திரும்பிய பிறகுதான், பீரோவில் தூங்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை யாருக்காவது நினைவுக்கு வருகிறது. பில்லையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: முதலிலேயே காட்டியிருக்க வேண்டும்.

இதே கதை வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அட்டையே எடுக்காதவர்கள் உண்டு. அட்டை இருந்தும் மருமகளின் பெயர் ரேஷன் கார்டில் ஏறாததால் பிரசவச் சிக்கலின்போது தவிக்கும் குடும்பங்கள் உண்டு. திட்டத்தில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அங்கே அட்டையை நீட்டிச் சண்டை போடுபவர்களும் உண்டு.

மருத்துவம் அரசின் கடமையா, அவரவர் பாடா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. சட்டம் இதற்குப் பாதி பதிலை எப்போதோ சொல்லிவிட்டது. மக்கள் நல்வாழ்வை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது அரசியலமைப்பின் 47-வது பிரிவு. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதை உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதோடு, நிதி இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லக்கூடாது என்றும் கண்டித்தது.

அரசுதான் உறுதி தர வேண்டும் என்பதே என் கட்சியும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற உங்களுக்கு எந்த அட்டையும் தேவையில்லை. வருமானத்தையும் யாரும் கேட்க முடியாது. அங்கே காப்பீட்டு அட்டை கேட்டால் தயங்காமல் கொடுங்கள். காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். தனியார் மருத்துவமனை வாசலில்தான் கதை மாறுகிறது. அங்கே அரசின் உறுதி, காகிதம் வைத்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். ஆகவே காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

அட்டை எடுப்பது எப்படி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தலைக்கு ஐந்து லட்சம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், குடும்பத்துக்கே அவ்வளவுதான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவமனைப் பட்டியலும் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை ரேஷன் கார்டு. கணவன், மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகிய எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றிருந்தால் உடனே திருத்துங்கள். நோயாளி ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது எழுத்துப் பிழை திருத்த ஓட முடியாது.

இரண்டாவது வருமானச் சான்று. வி.ஏ.ஓ.விடமோ வருவாய்த் துறையிடமோ பெற வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், அதைத் தொலைக்காதீர்கள். 'அடுத்த வாரம் வாங்க' என்று அலைக்கழித்தால், ஒப்புகைச் சீட்டு எண்ணோடு வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கெஞ்சுவதைவிட எழுதிய மனுவுக்கு வேகம் அதிகம். இதற்காக யாருக்கும் 'டீ செலவு' கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையம். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் கொண்டுபோங்கள். போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். பதிவு எண் கிடைத்ததும் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். அட்டை பூட்டிய பீரோவில் இருந்து யாருக்கு லாபம்?

நோயாளியைச் சேர்த்த பிறகும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைக் கடிதத்தோடு ஓடினால் சில நேரம் வேலை நடக்கும். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சனி, ஞாயிறு பார்த்து மாரடைப்பு வருவதில்லை.

மருத்துவமனையில் செய்ய வேண்டியது

அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், முதலில் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கண் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கும் அட்டை செல்லும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

சேர்ந்தவுடன் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் தொடர்பு அலுவலரைத் தேடிப் பிடியுங்கள். அவர் மூலமாகத்தான் மருத்துவமனை முன் அனுமதி கேட்கும். அனுமதி வந்துவிட்டால் அந்தச் சிகிச்சைக்கான பரிசோதனை, மருந்து, அறுவை சிகிச்சை, உணவு எல்லாம் பேக்கேஜில் அடக்கம். 'மருந்துக்கு மட்டும் கட்டுங்க', 'நல்ல ஸ்டென்டுக்கு வித்தியாசத் தொகை கொடுங்க' என்று கேட்டால், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மறுபடியும் சொல்கிறேன். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நீங்களாகப் பணம் கட்டிச் சிகிச்சை முடித்துக்கொண்டு, பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இதில் இல்லை. அட்டையை முதலில் காட்டுங்கள். பணத்தைப் பிறகு பேசுங்கள்.

சாலை விபத்துக்கு வழி வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டையோ வருமானமோ சொந்த மாநிலமோ பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருந்தால் போதும். 108-ல் வருபவரிடம் அப்படிப்பட்ட மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

பணம் பிடுங்கினால்

அனுமதி கிடைத்த சிகிச்சைக்கும் மருத்துவமனை பணம் வாங்கியிருந்தால், அதைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கு ரசீதுதான் ஆயுதம். துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். முத்திரையிட்ட ரசீது கேளுங்கள். கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். இத்திட்டத்தின் மாவட்டக் கண்காணிப்பு, குறைதீர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மனுவில் பதிவு எண், மருத்துவமனைப் பெயர், சேர்ந்த நாள், கட்டிய தொகை, ரசீது நகல் இவ்வளவும் இருக்கட்டும். மருத்துவமனையின் வேறு முறைகேடுகளுக்கு, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போங்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளைப் பதிவு செய்து கண்காணிக்க 1997-லேயே சட்டம் இருக்கிறது.

சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்துவைப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்துக்கு எதிரானது. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

இப்போது அரசுக்கு. ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம். நாள் கூலி 500 ரூபாய்க்கு மாதம் 25 நாள் வேலை செய்யும் ஒருவர் 12,500 சம்பாதிக்கிறார். கணக்குப்படி அவர் திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர். ஆகவே வி.ஏ.ஓ.வும் விண்ணப்பதாரரும் சேர்ந்து ஒரு பொய்க் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னவர் சொந்தப் பணத்தில் சாக வேண்டும். இது உறுதி ஆகுமா? ரேஷன் கார்டு விவரமும் ஆதாரும் அரசின் கணினியிலேயே கிடக்கும்போது, ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு வந்து கைரேகை வைக்கச் சொல்வது என்ன நியாயம்? வருமான வரம்பை உயர்த்துங்கள். பதிவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுவாருங்கள்.

அது நடக்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ரேஷன் கார்டை எடுத்துப் பெயர்களைச் சரிபாருங்கள். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடமும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அழைத்துப் போங்கள்.